யானை வாங்கி அங்குசத்துக்குப் பேரம்: சூப்பர்மேன் நான்காம் பாகம் விழுந்த கதை

லண்டனிலிருந்து வடமேற்கே ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் மில்டன் கீன்ஸ் வந்துவிடும். 1967-இல் வரைபடத்தில் கோடு போட்டுத் தொடங்கிய புது நகரம். அதன் மத்திய ரயில் நிலையம் 1982-இல் திறந்தது. கண்ணாடி முகப்பு, முன்னால் விசாலமான சதுக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு படக்குழு அங்கே கேமராவை வைத்தது. நியூயார்க்கின் 42-ஆம் தெரு இதுதான், எதிரே தெரிவது ஐக்கிய நாடுகள் சபை என்று சாதித்தது.

ஐநா கட்டடம் எப்படியிருக்கும் என்று செய்தி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ரயில் நிலையம் எப்படியிருக்கும் என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவே சிவப்பு மேலங்கியோடு, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் நடந்து வருகிறார், பின்னால் ஒரு சிறு கூட்டம். கதைப்படி உலகத்தின் மிகப் பெரிய மனிதர் உலகத்தின் மிகப் பெரிய அறிவிப்பைச் செய்யப் போகிறார். பார்ப்பதற்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகிற ஊர்வலம் போல இருக்கிறது.

இந்தக் காட்சி ரீவின் மனத்தை வெகுகாலம் உறுத்தியது. 1998-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் படத்தை எடுத்தவர்களாக இருந்தால் உண்மையான 42-ஆம் தெருவிலேயே போக்குவரத்தை நிறுத்தி, கூட்டத்தைத் திரட்டி எடுத்திருப்பார்கள் என்கிறார். இவர்களுக்குக் கிடைத்ததோ இங்கிலாந்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு தொழிற்பேட்டை, நூறு பேர் அளவில் துணை நடிகர்கள். சாலையில் ஒரு கார் கிடையாது, சூழலுக்காக விட்ட ஒரு டஜன் புறாக்கள் உண்டு. அந்தப் புறாக்களை நான் திரையில் தேடிப் பார்த்தேன். பாவம், அவையும் சம்பளத்துக்கு வந்தவை போலத்தான் பறக்கின்றன.

பலரும் இந்த ஒரு காட்சியை வைத்தே படத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: காசில்லை, படம் கெட்டது. சரி, காசில்லை என்பது உண்மை. ஆனால் காசில்லாததால்தான் கெட்டது என்றால் கணக்கு முழுதாக ஒத்துவரவில்லை.

கைமாறிய சொத்து

1978-இல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் முதல் படம் வந்தபோது செலவு சுமார் 5.5 கோடி டாலர். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. அமெரிக்காவில் மட்டும் 13.4 கோடி வசூலித்தது. 1981-இல் அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் பாகம் 10.8 கோடி. 1983-இல் மூன்றாம் பாகம், நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையரைக் கொண்டுவந்து கலகலப்பாக்கப் பார்த்தார்கள், 6 கோடியோடு நின்றது. அடுத்த ஆண்டு தயாரித்த ‘சூப்பர்கேர்ள்’ கையைக் கடித்தது. தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தினர், அப்பாவும் மகனும், போதும்டா சாமி என்று சூப்பர்மேன் பட உரிமையை 50 லட்சம் டாலருக்குக் கைகழுவினார்கள்.

வாங்கியது கேனன் நிறுவனம். மெனகெம் கோலன், யோரம் குளோபஸ் என்ற இரண்டு இஸ்ரேலியர்கள், அத்தை மகன் மாமன் மகன் மாதிரியான உறவு, 1979-இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கிய நிறுவனம் அது. இவர்கள் தொழில் செய்த விதமே தனி. முதலில் போஸ்டர் தயாராகும். கான் திரைப்பட விழாவுக்குப் போய் அந்தப் போஸ்டரைக் காட்டி நாடு நாடாக முன்பணம் வாங்குவார்கள். அப்புறம்தான் கதை, திரைக்கதை எல்லாம். முன்பணத்துக்குள் படத்தை முடித்தால் ரிலீசுக்கு முன்பே லாபம். சார்லஸ் பிரான்சன், சக் நாரிஸ் அடிதடிப் படங்களுக்கு இந்தச் சூத்திரம் நன்றாகவே ஓடியது.

ஓடியதும் பசி பெருத்துவிட்டது. 1986 ஒரே ஆண்டில் நாற்பதுக்கு மேல் படங்கள். அதே ஆண்டில் பிரிட்டனின் தார்ன் ஈஎம்ஐ திரைப் பிரிவை 17.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதில் தியேட்டர்களும் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவும் சேர்ந்து வந்தன. ஸ்பைடர்மேன் பட உரிமைகூட 1985-இல் இவர்கள் கையில்தான் இருந்தது, 2.25 லட்சம் டாலருக்கு. இன்றைக்கு அந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும். இவ்வளவையும் வாங்கிக் குவித்த கையோடு, கணக்கு வழக்கு சரியில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விசாரணையைத் தொடங்கியது.

சூப்பர்மேன் நான்காம் பாகத்துக்கு ஆரம்பத்தில் பேசிய பட்ஜெட் 3.6 கோடி டாலர். படப்பிடிப்பு நெருங்கியபோது அது 1.7 கோடியாகச் சுருங்கியது. பாதிக்கும் கீழே. முதல் படத்தின் 5.5 கோடியை 1987 விலைவாசிக்கு ஏற்றினால் 9.5 கோடிக்கு மேல் வரும். அதாவது அண்ணன் சாப்பிட்ட சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை தம்பிக்கு.

ரீவ் என்ன கேட்டார்

மூன்றாம் பாகத்தோடு போதும் என்றிருந்தவர் ரீவ். அவரைத் திரும்ப அழைக்கக் கேனன் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது. ஒன்று, அவர் வெகுநாளாக எடுக்க நினைத்த ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ படத்துக்குப் பணம். இரண்டு, நான்காம் பாகத்தின் கதையில் அவருக்குச் சொல் உரிமை. முதலாவது நல்ல விதமாக முடிந்தது. அந்தப் படத்தில் நடித்த மார்கன் ஃப்ரீமனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, அவர் பெயரை வெளியே தெரிய வைத்த படம் அது. சூப்பர்மேனின் தோல்வியைப் பேசும்போது இந்த வரவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இரண்டாவதில் பிறந்ததுதான் அணு ஆயுதக் கதை. ரீவ், லாரன்ஸ் கான்னர், மார்க் ரோசந்தால் மூவர் பெயரும் கதைக்குப் போடப்பட்டது. ஒரு பள்ளிச் சிறுவன் சூப்பர்மேனுக்குக் கடிதம் எழுதுகிறான்: உலகத்தில் உள்ள அணு ஆயுதங்களை நீங்கள் ஏன் அழிக்கக் கூடாது? சூப்பர்மேன் தயங்குகிறார். பத்திரிகைகள் அவரைக் கிண்டல் செய்கின்றன. கடைசியில் ஐநாவுக்குப் போய், நானே எல்லாவற்றையும் ஒழிக்கிறேன் என்று அறிவிக்கிறார்.

1986 அக்டோபரில் ரேகனும் கோர்பச்சேவும் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உட்கார்ந்து அணு ஆயுதங்களையே ஒழித்துவிடலாமா என்று பேசி, கையெழுத்தில்லாமல் எழுந்து போனார்கள். எல்லார் வீட்டிலும் பேசிய விஷயம். அந்த நேரத்தில் இந்தக் கதையை எடுத்ததில் தவறு என்ன? ரீவ் இதை விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. படம் வந்த அதே 1987 நவம்பரில், சிலியில் பினோசே ஆட்சிக்கு எதிரான 77 நாடகக் கலைஞர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தபோது, விமானம் ஏறிச் சான்டியாகோ போய் அவர்களோடு நின்ற மனிதர் அவர்.

ஆனாலும் நல்ல எண்ணம் வேறு, கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன். முதலில் பறத்தல்.

ஒரே ஷாட்

முதல் படத்தின் போஸ்டர் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனிதன் பறக்க முடியும் என்று நீங்கள் நம்பப் போகிறீர்கள் என்று மட்டும் சொன்னது. அதுதான் அவர்கள் விற்ற சரக்கு. அதற்காக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பீரங்கி மாதிரியான கருவியில் பொம்மையை வைத்துச் சுட்டுப் பார்த்ததும் உண்டு. கடைசியில் பல உத்திகளைக் கலந்தார்கள். அவற்றில் ஸோரன் பெரிசிச் என்பவர் கொண்டுவந்தது அருமையான யோசனை.

நடிகரை ஒரு கம்பத்தின் நுனியில் படுத்த நிலையில் பொருத்திவிடுவார்கள். அவர் இடம்விட்டு நகர்வதே இல்லை. அவருக்குப் பின்னால் பெரிய திரை, அதில் வானமும் மேகமும் படமாக விழும். படத்தை வீசுகிற புரொஜெக்டரிலும் ஜூம் லென்ஸ், எதிரே படம் பிடிக்கிற கேமராவிலும் ஜூம் லென்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று பூட்டியவை. கேமரா ஜூம் செய்து நெருங்கினால் புரொஜெக்டர் அதே அளவுக்குத் திரையில் விழும் படத்தைச் சுருக்கும். ஆகவே கேமராவின் கண்ணுக்கு வானம் அப்படியே நிற்கும், மனிதர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருவார். நம்மை நோக்கிப் பறந்து வருகிறார் என்று மூளை தானாகவே முடிவு செய்துகொள்ளும். இதோடு நீலத்திரையும் பயன்பட்டது. அதில் ஒரு வேடிக்கையான சிக்கல். சூப்பர்மேனின் உடையே நீலம். நீலத்தைத் துடைத்தெடுக்கும்போது ஆளும் சேர்ந்து மறைந்துவிடுவார். அதற்காகக் கொஞ்சம் பச்சை கலந்த வேறு சாயத்தில் தனி உடை தைத்து, பிறகு நிறத்தைத் திருத்தினார்கள். இந்த வேலைக்குத்தான் அந்த ஆண்டு ஆஸ்கரில் தனிச் சிறப்பு விருது.

ரீவின் பங்கும் இதில் உண்டு. அவருக்கு நிஜமாகவே விமானம் ஓட்டத் தெரியும், இன்ஜின் இல்லாத கிளைடரும் ஓட்டுவார். திரும்பும்போது முதலில் கை, அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு என்று உடம்பைச் சாய்ப்பார். காற்றைத் தெரிந்தவரின் சாய்வு அது.

நான்காம் பாகத்திலும் அந்தச் சாய்வு மாறவில்லை. சுற்றியிருந்ததெல்லாம் மாறிவிட்டது. ஆளைச் சுற்றி வெட்டி ஒட்டிய கோடு தெரிகிறது. சில இடங்களில் கம்பியும் தெரிகிறது. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு குறிப்பிட்ட ஷாட். சூப்பர்மேன் நேராகக் கேமராவை நோக்கி வருவார், ஒரு கை முன்னே நீண்டிருக்கும், முகம் கொஞ்சம் இறுகியிருக்கும். நகரத்துக்கு மேலே அதே ஷாட். விண்வெளியிலும் அதே ஷாட், பின்னணி மட்டும் வேறு. எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையனுக்கு வயது ஒன்பது. இரண்டாம் தடவை வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை திரும்பிப் பார்த்து, “மாமா, இது இப்பதானே வந்துச்சு?” என்றான். ‘ரீவைண்ட்’ பட்டனை நான் தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

நிலவில் சண்டை நடக்கும் இடம் இன்னும் பரிதாபம். வானம் என்று கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தவறில்லை, பழைய வழக்கம்தான். ஆனால் துணியின் மடிப்பு தெரிகிறது. படத்தை நிறுத்தி வைத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஓடும்போதே தெரிகிறது. பிரபஞ்சத்துக்கு இஸ்திரி போட மறந்துவிட்டார்கள்.

இந்தக் குழுவில் திறமையற்றவர்கள் யாரும் இல்லை. இயக்குநர் சிட்னி ஜே. ஃப்யூரி 1965-இல் மைக்கேல் கெய்னை வைத்து ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ எடுத்தவர். விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வை ஹாரிசன் எல்லன்ஷா, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குப் பின்னணி ஓவியங்கள் தீட்டியவர். ஜீன் ஹேக்மன், மார்காட் கிடர் என்று பழைய ஆட்களும் திரும்பி வந்தார்கள். ஜான் வில்லியம்ஸின் இசையை அவருடைய பழைய நண்பர் அலெக்சாண்டர் கரேஜ் தொகுத்து நடத்தினார். யானை, அம்பாரி, பாகன் எல்லாம் வந்தாயிற்று. அங்குசத்துக்குத்தான் பேரம் பேசினார்கள். இந்தப் படத்துக்கு அங்குசம் பறத்தல்.

ரோபோகாப் வைத்த கேள்வி

சூப்பர்மேன் நான்காம் பாகம் அமெரிக்காவில் வெளியானது 1987 ஜூலை 24. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஜூலை 17-இல் வந்தது ‘ரோபோகாப்’. செலவு 1.3 கோடி டாலர் சொச்சம், அதாவது சூப்பர்மேனைவிடக் குறைவு. வசூல் 5.3 கோடி.

அதோடு ரோபோகாப் கதை நடப்பது டெட்ராய்ட் நகரில், படம் பிடித்ததோ பெரும்பகுதி டல்லாஸில். டல்லாஸ் மாநகராட்சிக் கட்டடத்தின் மேல் ஓவியத்தால் மாடிகளை ஏற்றி, கதையில் வரும் பெரும் கம்பெனியின் தலைமையகமாக்கினார்கள். ஊர் மாற்றி எடுத்த படம்தான் அதுவும். யாருக்கும் உறுத்தவில்லை.

காரணம் எளிது. ரோபோகாப் தன் பைக்கு ஏற்றபடி எழுதப்பட்ட படம். நாயகன் மெதுவாக நடக்கிறான், பறக்கவில்லை. வருங்கால டெட்ராய்ட் என்பதால் கட்டடம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். உடைக்குள் ஒரு மனிதன் சிக்கிக்கொண்டிருக்கிறான் என்பதே கதை, ஆகவே காசை அந்த உடையில் போட்டார்கள். சூப்பர்மேன் நான்கோ 3.6 கோடிக்கு எழுதிய திரைக்கதை. சீனப் பெருஞ்சுவர் இடிகிறது, எரிமலை வெடிக்கிறது, சுதந்திர தேவி சிலை ஆகாயத்தில் போகிறது, நிலவு இடம்பெயர்கிறது. பணம் பாதியானபோது கதையையும் பாதியாக மடித்துத் தைத்திருக்க வேண்டும். சட்டை அதே அளவு, துணி மட்டும் பாதி என்றால் கை எங்கே நிற்கும்? உண்மையான ஐநா கட்டடத்தின் முன் எடுக்கலாம் என்று குழுவிலிருந்து கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், நடக்கவில்லை. சீனப் பெருஞ்சுவரைச் செங்கல் செங்கலாகக் கட்டியெழுப்பும் காட்சியில், சூப்பர்மேன் கண்ணிலிருந்து நீல ஒளியைப் பாய்ச்ச, கற்கள் தாமாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கட்டுகிற பார்வை என்று ஒரு சக்தி அவருக்கு அதுவரை இல்லை. கொத்தனார் கூலிக்குக்கூடக் காசில்லாத குறையைக் கண்ணால் தீர்த்துக்கொண்டார்கள்.

சூப்பர்மேன் வந்த அதே ஜூலை 24 அன்றுதான் ‘லா பாம்பா’வும் வந்தது. பாடகர் ரிச்சி வாலன்ஸின் வாழ்க்கைக் கதை. செலவு 65 லட்சம் டாலர், வசூல் 5.4 கோடி. சூப்பர்மேன் அமெரிக்காவில் மொத்தமாக எடுத்தது 1.57 கோடி. முதல் படத்தின் வசூலில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே.

கத்தரிக்கோல்

ஃப்யூரி முதலில் தொகுத்த படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. சுமார் 45 நிமிடம் வெட்டினார்கள். தியேட்டருக்கு வந்தது 90 நிமிடம்.

வெட்டியதில் ஒரு முழு வில்லனே போய்விட்டான். படத்தின் முதன்மை வில்லன் லெக்ஸ் லூதர், அருங்காட்சியகத்தில் இருக்கும் சூப்பர்மேனின் ஒற்றை முடியைத் திருடி, அதிலிருந்து அணு மனிதன் ஒருவனை உருவாக்குவது கதை. மூலத் திரைக்கதையில் இரண்டு அணு மனிதர்கள். முதலாவது அரைகுறைப் பிறவி, சூப்பர்மேனின் கோணல் நகல் மாதிரி. கிளைவ் மேன்டல் நடித்திருந்தார். அவர் தோற்ற பிறகு லூதர் செய்யும் மேம்பட்ட பதிப்புதான் இரண்டாவது. மேன்டல் வந்த காட்சிகள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. 2006-இல் டிவிடியில் வெட்டிய காட்சிகளில் ஒரு பகுதி, அரை மணி நேரம் அளவுக்கு, வெளியானது. பார்த்தேன். சேர்த்திருந்தால் படம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வெட்டியதால் உண்டான ஓட்டைகள் எங்கே என்று புரிகிறது.

படத்தில் மிஞ்சிய அணு மனிதனாக மார்க் பில்லோ என்ற புதுமுகம். தங்க நிற உடை, பொன் முடி, நீளும் நகம். குரல் அவருடையது இல்லை, லூதராக நடித்த ஹேக்மனுடையது. வாய் ஒருவருடையது, பேச்சு இன்னொருவருடையது, அதனால் அவர் திரையில் இருக்கும்போதெல்லாம் டப்பிங் படம் பார்க்கும் உணர்வு. பத்திரிகையில் அதன் முதலாளி மகள் லேசி வார்ஃபீல்டின் புகைப்படத்தைப் பார்க்கிறார், உடனே இந்தப் பெண் எங்கே என்று ஊரையே உடைக்கக் கிளம்புகிறார். ஏன்? காட்டவில்லை. லேசியைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போகிறார். சாதாரணப் பெண்ணான லேசி அங்கே கவசம் இல்லாமல், காற்று இல்லாமல், தலைமுடி கலைந்தபடி நன்றாகவே இருக்கிறார். இந்த இடத்தில் அக்கா பையன் கேள்வி கேட்கவில்லை, சிரித்தான்.

கதையின் பங்கு

கேனன்காரர்கள் மீது எல்லாப் பழியையும் போடுவது வசதி. கதாசிரியர்களும் பின்னாளில் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

முதல் படத்தில் சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல், மனித வரலாற்றில் நீ தலையிடக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். நான்காம் பாகம் அந்தக் கட்டளையை மீறும் கதை. இதைவிடக் கனமான முடிச்சு இந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்காது. உலகத்தின் ஆயுதங்களை ஒருவன் தன் விருப்பத்தில் பிடுங்கினால் அவன் காவலனா, சர்வாதிகாரியா? வல்லரசுகள் சும்மா இருக்குமா? எங்களுடையதைப் பிடுங்கினாய், எதிரி தன்னுடையதை மறைத்து வைத்திருப்பானே என்று கேட்க மாட்டார்களா? படத்தில் என்ன நடக்கிறது? ஐநா சபையில் எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவ்வளவுதான். சூப்பர்மேன் ஏவுகணைகளையெல்லாம் விண்வெளியில் ஒரு ராட்சச வலையில் கட்டி, சுழற்றிச் சூரியனுக்குள் எறிகிறார். மீன்காரர் கூடையைக் கவிழ்ப்பது போல முடிந்துவிடுகிறது. இப்படித் தீர்ந்துவிட்ட பிறகு, கதை கேட்ட கேள்வியை விட்டுவிட்டு நகம் நீளும் ஆசாமியோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறது.

3.6 கோடி கொடுத்திருந்தாலும் இந்தக் கைதட்டல் அப்படியேதான் இருந்திருக்கும். அரங்கம் பெரிதாக இருந்திருக்கும், கைதட்ட ஆள் கூடுதலாக இருந்திருப்பார்கள்.

அணு மனிதனின் பலம் வெயில். நிழலில் நின்றால் சக்தி போய்விடும். கேட்கும்போதே நெருடுகிறது இல்லையா? இரவு வந்தால் என்ன, வீட்டுக்குள் போனால் என்ன? சூப்பர்மேன் அவரை லிஃப்டுக்குள் அடைத்து நிலவில் கொண்டுபோய்ப் போடுகிறார். லிஃப்ட் கதவிடுக்கில் வெயில் நுழைந்து ஆள் எழுந்துகொள்கிறார். கடைசியில் நிலவையே தள்ளி, சூரிய கிரகணம் உண்டாக்கி அடக்குகிறார்கள். ஒரு குடை போதுமே என்று தோன்றினால் அது பார்ப்பவர் குற்றம் இல்லை.

பழைய விருந்தின் மிச்சத்தைச் சூடாக்கியதும் உண்டு. முதல் படத்தில் சூப்பர்மேன் தன் காதலியான நிருபர் லோயிஸைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு பறக்கும் காட்சி, இரண்டாம் பாகத்தில் முத்தம் கொடுத்து நினைவை அழிக்கும் தந்திரம், இரண்டையும் சேர்த்து இங்கே ஒரே இடத்தில் மறுபடி பரிமாறுகிறார்கள்.

நல்லதும் இருக்கிறது. சூப்பர்மேன் வளர்ந்த ஊரான ஸ்மால்வில்லில் பழைய பண்ணை வீட்டை விற்க வந்திருக்கும் கிளார்க் (சாதாரண மனிதராக வாழும்போது சூப்பர்மேனின் பெயர்), வாங்குபவர் வணிக வளாகம் கட்டுவார் என்றால் தரமாட்டேன் என்கிறார். வயல், தொட்டில், சாயங்கால வெளிச்சம், அந்தச் சில நிமிடம் படம் மூச்சு விடுகிறது. லோயிஸுக்குச் சூப்பர்மேன், லேசிக்குக் கிளார்க் என்று இரண்டு ஜோடி ஒரே அறையில் சந்திக்க ஏற்பாடாகி, ரீவ் ஓடி ஓடி உடை மாற்றும் காட்சி பழைய மேடை நாடகச் சிரிப்பு. காசு அதிகம் கேட்காத காட்சிகள் இவை. இவைதான் நிற்கின்றன. லேசியின் தந்தையாக, டெய்லி பிளானட் பத்திரிகையை வளைத்துப் போடும் முதலாளியாக வருபவர் சாம் வனமேக்கர். லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கை மறுபடி எழுப்பப் பல ஆண்டுகள் போராடிய அதே மனிதர். பத்திரிகையை வாங்கி மஞ்சளாக்கும் பணக்காரன் என்ற கிளைக்கதை இன்றைக்கும் பழசாகவில்லை.

இறுதியில் சூப்பர்மேன் பேசுகிற வசனம் ஒன்று. சமாதானத்தை நான் பரிசாகத் தர முடியாது, மக்கள் அதை அவ்வளவு தீவிரமாக விரும்பும்போது அரசாங்கங்கள் வேறு வழியின்றிக் கொடுத்துவிடும் என்ற கருத்து. 1959-இல் அமெரிக்க அதிபர் ஐசனாவர் லண்டனில் சொன்னதன் சாயல் அது. படத்தின் உண்மையான கதை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்க வேண்டிய இடத்தில் ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள்.

படம் தியேட்டரைவிட்டுப் போய்ச் சில மாதங்களில், 1987 டிசம்பர் 8 அன்று, ரேகனும் கோர்பச்சேவும் வாஷிங்டனில் நடுத்தர தூர அணு ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன.

பிறகு

1989-இல் கோலன் கேனனைவிட்டு வெளியேறினார். போகும்போது ஸ்பைடர்மேன் உரிமையைக் கையோடு கொண்டுபோனார். அது பல கைமாறி, வழக்குகளில் சிக்கி, 2002-இல்தான் படமாக வந்தது. அதே 1989-இல் டிம் பர்டனின் ‘பேட்மேன்’ வசூலில் அள்ளியது, சூப்பர்ஹீரோ படம் செத்துவிட்டது என்ற பேச்சு அடங்கியது. சூப்பர்மேன் மட்டும் திரையரங்குக்குத் திரும்ப 19 ஆண்டுகள் ஆயின. 2006-இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ முதல் இரண்டு படங்களின் தொடர்ச்சியாகவே தன்னை வைத்துக்கொண்டது. மூன்றும் நான்கும் நடக்கவே இல்லை என்பது போல. அதைப் பார்க்க ரீவ் இல்லை. 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 2004 அக்டோபரில் காலமானார்.

படம் முடிந்ததும் பையன், “இவர் நல்லாத்தான் இருக்காரு, மாமா. படம்தான் சரியில்ல” என்றான். முதல் படத்தைப் போட்டேன். டெய்லி பிளானட் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் சாய்ந்து, லோயிஸ் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கும் இடம் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் டம்ளரோடு அப்படியே நின்றான், கீழே ரீவ் சட்டைப் பொத்தானைப் பிரித்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தார்.